மனச்சோர்வு மாத்திரையோடு வருகிறீர்களா? முதலில் அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

வெளிநாடு கிளம்புகிறவர்கள் விசா, வாடகை, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறப்பதில்லை. அந்தக் கூச்சத்தால் என் நண்பர் ஒருவர் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தேன். இன்னொருவர் அப்படிப் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வழக்கமான வேலைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போதிலிருந்து, முன்பு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல் கைப்பையில் வையுங்கள். எவ்வளவு நாளைக்கான மருந்தைக் கொண்டுவரலாம் என்று போகிற நாட்டின் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். வந்த முதல் வாரமே ஒரு பொது மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். மனநல நிபுணரைப் பார்க்கப் பல இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே எடுக்கும் மருந்தைத் தொடர்ந்து எழுதித்தரப் பெரும்பாலும் பொது மருத்துவரே போதும். கடைசி அட்டை தீரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். பழைய சீட்டை நீட்டி மருந்து வாங்குகிற பழக்கம் இங்கெல்லாம் செல்லாது.

இனி நண்பர் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். அவர் ஊரில் எடுத்தது இரவில் ஒரே ஒரு மாத்திரை. அதன் பெயர் எஸ்சிட்டலோபிராம் என்று மருத்துவர் சொன்னது நினைவில் இருந்தது. இங்கே பொது மருத்துவரிடம் அதையே சொன்னார். அவரும் எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். பழைய அட்டையைக் காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. புது மாத்திரைக்கு மாறிய சில நாட்களிலேயே நண்பருக்குத் தூக்கம் போனது. தண்ணீர் டம்ளரை எடுத்தால் வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்தியது. கதவு சாத்தும் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. நோய் முற்றிவிட்டது, இந்த நாட்டு மருந்தில் வீரியம் இல்லை என்று அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் தன்னிடமிருந்த வேறொரு மாத்திரையை எடுத்து, “எனக்கு இது நல்லா கேட்டுச்சு, ரெண்டு நாள் போட்டுப் பாரு” என்று நீட்டினார். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒருவர் மூளைக்குள் வேலை செய்யும் மருந்தை இன்னொருவருக்குக் கடன் கொடுப்பார்களா?

காலி அட்டை ஒன்று அவர் பெட்டியில் கிடந்தது. முன்பக்கம் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். திருப்பினால், வெள்ளித் தகட்டில் கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய பொடி எழுத்து: எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., குளோனசிபாம் 0.5 மி.கி. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. இந்தியாவில் இப்படிப்பட்ட கூட்டு மாத்திரை சர்வசாதாரணம். பல நாடுகளில் அது விற்பனையிலேயே கிடையாது. அங்குள்ள மருத்துவருக்கு அப்படி ஒன்று இருக்கும் என்றே தோன்றாது.

குளோனசிபாம் பென்சோடயசிபீன் வகையைச் சேர்ந்தது. பதற்றத்தைச் சீக்கிரம் அடக்கும். ஆனால் சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே உடல் அதற்குப் பழகிப்போகும். சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்புகூட வரலாம். 1971-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின்படி அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்தும்கூட. அதனால் சில நாடுகளுக்குள் கொண்டுவர முன் அனுமதி வேண்டும். அது தெரியாமல் வந்து விமான நிலையத்தில் விழிக்காதீர்கள்.

அட்டையோடு நண்பரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த மருத்துவர் குளோனசிபாமை மறுபடி தொடங்கி, சில மாதங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். எஸ்சிட்டலோபிராமில் கை வைக்கவில்லை. நண்பர் இப்போது ஒழுங்காகத் தூங்குகிறார், வேலைக்குப் போகிறார். அத்தனை நாள் தூக்கமில்லாமல் இருந்தும், யாரோ நீட்டிய மாத்திரையை அவர் தொடவில்லை. அதில் எனக்குப் பெருமை.

குளோனசிபாம் கலக்காத மாத்திரைதானே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளை நிறுத்தினால் அவற்றுக்காக ஏங்கும் போதை கிடையாது, உண்மைதான். ஆனால் திடீரென்று விட்டால் தலைசுற்றும், குமட்டும், தலைக்குள் மின்சாரம் சுரீரென்று வெட்டும். பராக்ஸெடினும் வென்லாஃபாக்ஸினும் உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறுவதால் இந்தத் தொல்லை அவற்றில் அதிகம். ஃப்ளூஆக்ஸெடின் மெதுவாக வெளியேறும், அதனால் தொல்லை குறைவு. எதுவானாலும் குறைக்கும் கணக்கை மருத்துவர் போடட்டும். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நீங்களே நிறுத்தாதீர்கள். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள், முன்பே வந்து போன நோய் என்றால் அதற்கு மேலும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள்.

இங்கே வந்த பிறகுதான் முதல்முறையாகத் தொடங்குகிறீர்கள் என்றால், பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டல் போன்ற தொல்லைகள் அதற்கு முன்பே வந்துவிடும், பெரும்பாலும் தானாக அடங்கும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிற வாய்ப்பு உண்டு. கூட இருக்கும் ஒருவரிடமாவது மாத்திரை எடுப்பதைச் சொல்லிவையுங்கள். அப்படி எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காமல் உடனே அவசர எண்ணை அழையுங்கள்.

மருத்துவரிடம் பேசச் சொந்தக்காரரை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப் போகாதீர்கள். அவர் முன்னால் பாதி விஷயம் வெளியே வராது. பல மருத்துவமனைகளில் கேட்டால் மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஏற்பாடு செய்வார்கள்.

சளிக்கும் வலிக்கும் வேறு மருந்து வாங்கும்போது இந்த மாத்திரையின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். டிரமடால் என்ற வலி மருந்து, இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், பல நாடுகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ஆகியவை இதோடு சேர்ந்தால் உடலில் செரடோனின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிப் போகலாம். கடும் காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பமான பேச்சு என்று தெரிந்தால் விடியட்டும் என்று காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.