பெரியவர்களின் வானொலி நினைவுகளையும் பழைய கேசட்டுகளையும் பதிந்து காப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் எழுபது வயதைக் கடந்தவர்களிடம் வானொலிப் பேச்சை எடுத்தால், பலர் அரசு நிலையத்தை விட்டுவிட்டு, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த நிலையங்களைப் பற்றித்தான் முகம் மலரப் பேசுவார்கள். அந்தப் பேச்சும் அலமாரியில் கிடக்கும் கேசட்டுகளும் ஒன்றுசேர்ந்தால்தான் நல்ல சான்று கிடைக்கும். பேச்சு மட்டும் இருந்தால் ஆண்டு குழம்பிவிடும். கேசட் மட்டும் இருந்தால் அதில் ஒலிப்பது எந்த நிலையம், அதை யார் எங்கே பதிந்தார்கள் என்று சொல்ல ஆளிருக்காது. இரண்டையும் ஒருசேரச் சேகரிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

கேட்கப் போகிறவர் முதலில் நிலையங்களின் வரலாற்றை ஓரளவு தெரிந்துகொண்டு போக வேண்டும். 'பைரட் ரேடியோ', அதாவது உரிமம் இல்லாமல் இயங்கும் 'கடற்கொள்ளை' நிலையம், என்ற ஒரே பெயரில் பெரியவர்கள் வெவ்வேறு வகைகளைச் சொல்வதுண்டு. கப்பலிலிருந்து இயங்கிய நிலையங்களில் பெயர் பெற்றவை ஐரோப்பாவைச் சேர்ந்தவை. ரேடியோ கரோலைன் 1964 மார்ச்சில் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால், அன்றைய மூன்று கடல் மைல் எல்லையைத் தாண்டி நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. 1967 ஆகஸ்டில் பிரிட்டன் தனிச் சட்டம் போட்டு இத்தகைய நிலையங்களின் வழியை அடைத்தது. மருத்துவமும் சட்டமும் படிக்க லண்டனுக்கும் டப்ளினுக்கும் போன நம்மவர்கள் அதை அங்கே கேட்டிருக்கக்கூடும். ஆகவே அந்தக் காலத்தில் அவர் எந்த ஊரில் இருந்தார் என்பதைத் தவறாமல் கேளுங்கள். எல்.எம். ரேடியோவோ அண்டை நாட்டில் தரையிலிருந்தே இயங்கியது: 1936இல் லோரன்சு மார்க்கேசில், அதாவது இன்றைய மபூட்டோவில், தொடங்கி, மொசாம்பிக் விடுதலை பெற்ற 1975ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. கேப்பிட்டல் ரேடியோ 604 என்பது 1979 டிசம்பரில், நிறவெறி அரசு தனிநாடென்று அறிவித்திருந்த டிரான்ஸ்கையின் போர்ட் செயின்ட் ஜான்ஸிலிருந்து மத்திய அலையில் வந்தது. இவ்விரண்டையும் கடற்கொள்ளை நிலையம் என்று எழுதிவிடாதீர்கள். பெரியவர் அப்படிச் சொன்னால் அவர் சொல்லை அப்படியே பதிந்து, விளக்கத்தைக் குறிப்பில் தனியே எழுதுங்கள்.

இனி நேர்காணல். பாட்டைப் பற்றியோ அறிவிப்பாளரைப் பற்றியோ முதலில் கேட்காமல், வானொலிப் பெட்டியைப் பற்றிக் கேளுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. "தாத்தா, பெட்டி எந்த அறையில் இருந்தது? மின்சாரத்தில் ஓடியதா, பேட்டரியிலா? ஏரியல் கம்பியை எங்கே கட்டியிருந்தீர்கள்? எத்தனை மணிக்கு மேல் தெளிவாகக் கேட்டது?" என்று தொடங்கினால் கைப்பழக்கம் நினைவை இழுத்து வரும், பாட்டும் குரலும் தாமாகவே பின்னால் வரும். டர்பனில் இந்தியர்கள் குடியமர்த்தப்பட்ட சாட்ஸ்வொர்த்தில் நான் பார்த்த ஒரு பெட்டியின் முள் கண்ணாடியில் மூன்று இடங்களில் சிவப்பு நகப்பூச்சால் கோடிட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பாட்டியிடம் கோடுகளைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்டபோது, எந்த நிலையம், அதை வீட்டில் யார் கேட்பார்கள், எந்த நேரத்தில் அதற்காகச் சண்டை வரும் என்பதையெல்லாம் தடங்கலின்றிச் சொன்னார். பெட்டி இன்னும் இருந்தால் அதை மேசைமேல் வைத்துக்கொண்டே பேசுங்கள். ஆனால் பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த வால்வு செட்டை மின்சாரத்தில் மாட்டாதீர்கள், பழைய கெப்பாசிட்டர்கள் வெடிக்கக்கூடும்.

நேரத்தைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. பகலில் வளிமண்டலத்தின் மேலடுக்கில் சூரிய ஒளியால் உண்டாகும் ஒரு படலம் மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அது கரைந்து, இன்னும் உயரத்திலுள்ள அடுக்கில் அலை பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி விழுகிறது. பகலில் கேட்டதாகச் சொன்னால் நிலையம் ஓரளவு பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அல்லது அலை கடல்மேல் வந்திருக்க வேண்டும். உப்புநீர் மத்திய அலையை மிகக் குறைந்த இழப்போடு கடத்தும். கப்பல் நிலையங்கள் நெடுந்தூரம் கேட்டதற்கும் இது முக்கியமான காரணம். பண்பலை இப்படி வளைந்து வராது, ஏறக்குறைய நேர்க்கோட்டில்தான் போகும். டர்பனின் மேடுபள்ளங்களில் ஒரு தெருவில் கேட்டது அடுத்த பள்ளத்தில் கேட்காமல் போவதுண்டு.

ஆண்டை நேராகக் கேட்டால் பெரும்பாலும் தவறான விடை வரும். குடும்ப நிகழ்ச்சியோடு பிணைத்துக் கேளுங்கள்: சாட்ஸ்வொர்த்துக்குக் குடிபெயரும் முன்பா, பின்பா? அக்காவின் கல்யாணத்துக்கு முன்பா? வீட்டில் டிவி இருந்ததா? தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியது 1976 ஜனவரியில். இந்திய வம்சாவளியினருக்கான ரேடியோ லோட்டஸ் வந்தது 1983இல். இவ்விரண்டும் நல்ல எல்லைக்கற்கள்.

நிலையத்தின் அலை எண்ணையும் சரிபாருங்கள். பழைய முகப்புகளில் மீட்டர், புதியவற்றில் கிலோஹெர்ட்ஸ். 3,00,000ஐ கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். 604 கிலோஹெர்ட்ஸ் என்பது சுமார் 497 மீட்டர். ஆனால் நிலையம் தன்னைப் பற்றிச் சொன்ன எண்ணையே முடிவான சான்றாகக் கொள்ளாதீர்கள். கரோலைன் தொடக்கத்தில் '199' என்றே அறிவித்தது, ஆங்கிலத்தில் சொல்லும்போது அதன் பெயரோடு அது எதுகைபோல் ஒலித்ததால். உண்மையில் அது இயங்கியது 197 மீட்டரை ஒட்டி.

கேசட்டுக்கு வருவோம். முதலில் உறையின் இரு பக்கங்களையும், பேனாவால் எழுதியிருப்பதையும் படமெடுங்கள். அடுத்து, கேசட்டின் மேல் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள். தவறி 'ரெக்கார்ட்' பொத்தானை அழுத்தினாலும் அழியாது. டர்பனின் ஈரக்காற்றில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படிவது சாதாரணம். பூஞ்சை தெரிந்தால் ஓட்டாமல், அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். நல்ல நிலையிலுள்ள நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றிவிட்டு, டெக்கில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்த பிறகே ஓட்டுங்கள். ஹெட்டுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஏற்றது.

பலரும் விட்டுவிடும் வேலை ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது. பதிந்த கருவியின் ஹெட்டும் இப்போது ஓட்டும் கருவியின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால், குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகக் கேட்கும். ஹெட்டின் பக்கத்தில் சுருள்வில்லோடு கூடிய சிறிய திருகாணி இருக்கும். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே காந்தம் ஏறாத மெல்லிய திருப்புளியால் அதை மிக மெதுவாக, கால் சுற்றுக்கும் குறைவாக, இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். ஓரிடத்தில் 'ஸ', 'ச' ஒலிகள் சட்டென்று கூர்மையாகத் திறக்கும், அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். இந்தச் சில நிமிட உழைப்பு தரும் பலனை எந்தக் கணினி மென்பொருளும் தராது.

கணினியில் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் ஆகும். கேட்பதற்கும் அனுப்புவதற்கும் எம்பி3 பிரதி ஒன்றைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். மூலத்தில் கைவைக்காதீர்கள்.

இரைச்சலை நீக்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். ஏறி இறங்கும் ஒலியும், பக்கத்து நிலையத்தோடு மோதும் சீழ்க்கையும் இருந்தால் அது இரவில் தூரத்திலிருந்து வந்த மத்திய அலையாகவோ சிற்றலையாகவோ இருக்க வாய்ப்பு மிகுதி. சீரான 'ஸ்ஸ்' என்ற ஒலியோடு இடமும் வலமுமாகப் பிரிந்து கேட்டால் பண்பலை. மின்னல் வெடிப்புகள் கோடைகால மாலையைச் சுட்டலாம். நிலையத்தின் பெயர் ஒருமுறைகூட வராத நாடாவில், இந்த இரைச்சல்தான் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க உதவும். சுத்தம் செய்த பிரதி வேண்டுமென்றால் மூலத்தை வைத்துக்கொண்டு வேறொன்றில் செய்யுங்கள்.

பதிந்ததை யார் கேட்கலாம் என்பதைப் பெரியவரிடமே கேட்டு, அவர் குரலிலேயே பதிவின் தொடக்கத்தில் வைத்துவிடுங்கள். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் ரேடியோ ஃப்ரீடம் நிலையத்தைக் கேட்பது நிறவெறி ஆட்சியில் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றமாக இருந்தது. அதைக் கதவடைத்துக் கேட்டவர்கள் சிலர், அப்போது உடனிருந்தவர்களின் பெயர்களை இன்றும் சொல்லத் தயங்குவார்கள். அந்தப் பெயர்களுக்காக வற்புறுத்தாதீர்கள். நிகழ்ச்சிகளிலும் பாட்டுகளிலும் பிறருக்கு உரிமை இருக்கும் என்பதால் அவற்றை இணையத்தில் ஏற்றுமுன் விசாரியுங்கள். குடும்பத்துக்குள் வைத்துக்கொள்வதென்றால், வீட்டில் இரண்டு வட்டுகளிலும், வேறு ஊரிலுள்ள உறவினரிடம் ஒன்றிலுமாக மூன்று பிரதிகள் வையுங்கள். மூலக் கேசட்டை எறியாமல், நிமிர்த்தி, உலர்ந்த அலமாரியில், ஸ்பீக்கரின் காந்தத்திலிருந்து தள்ளி வையுங்கள்.