லேண்ட்லைன் பேச்சைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்பது எப்படி

காது மந்தமான பாட்டிக்குத் துபாயிலிருந்து வரும் போனைச் சத்தமாகக் கேட்க வைக்க வேண்டுமா, பேச்சை ரெக்கார்ட் செய்ய வேண்டுமா (எதிரில் பேசுபவரிடம் சொல்லிவிட்டுத்தான்), வேலை ஒன்றேதான். ஆனால் போன் வயரைச் சீவி நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகாதீர்கள். ரிசீவரைக் கீழே வைத்திருக்கும்போது லைனில் ஏறக்குறைய 48 வோல்ட் டிசி நிற்கும், மணி அடித்தால் அதன்மேல் 75 வோல்ட்டோ அதற்கும் கூடவோ ஏசி ஏறும். கையில் பட்டால் சுள்ளென்று இழுக்கும், ஆம்ப்ளிஃபயர் இன்புட் தாங்காது.

நடுவில் 600 ஓம், ஒன்றுக்கு ஒன்று விகித ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரண்டு பக்கமும் வயரால் தொடாமல் சத்தத்தை மட்டும் கடத்துவது) ஒன்றும், 1 மைக்ரோஃபாரட் 250 வோல்ட் பாலியெஸ்டர் கெபாசிட்டர் ஒன்றும் வேண்டும். சென்னையில் வண்ணாரப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால், எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். அதற்கு முன்னால் பரணில் பழைய டயல்-அப் மோடம் கிடக்கிறதா என்று பாருங்கள். நிறைய மோடங்களில் இதே டிரான்ஸ்ஃபார்மர் சின்னக் கறுப்புக் கட்டியாக உட்கார்ந்திருக்கும், சால்டரிங் அயர்ன் இருந்தால் காசு மிச்சம்.

போன் வயர் நுனியில் இருக்கும் சின்ன ஆர்ஜே11 பிளக்கின் நடு இரண்டு வயர்தான் லைன். அதில் ஒன்று கெபாசிட்டர் வழியாக டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கத்துக்கு, இன்னொன்று நேராக அதே பக்கத்தின் மறு முனைக்கு. கெபாசிட்டர் டிசியைத் தடுக்கவில்லை என்றால் ரிசீவரை எடுத்துவிட்டதாக எக்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும், கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் எங்கேஜ்டுதான். மறுபக்கத்தின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 1என்4148 டயோடு இரண்டை எதிரும் புதிருமாகப் போடுங்கள், மணி அடிக்கும்போது வரும் அதிர்ச்சியை அது விழுங்கிக்கொள்ளும். அங்கிருந்து ஷீல்டு வயரில் ஆம்ப்ளிஃபயரின் லைன்-இன் சாக்கெட்டுக்கு. மைக் சாக்கெட்டில் சொருகினால் கரகரவென்று பிளக்கும்.

பேசுவது எப்போதும்போல ரிசீவரில்தான், இது கேட்பதற்கு மட்டும். ஸ்பீக்கர் ரிசீவருக்குப் பக்கத்தில் இருந்தால் கீச்சென்று கூவும், தள்ளி வையுங்கள். போன் லைனில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் வருகிறது, அதனால் பேஸைத் திருகிப் பயனில்லை, சப்-வூஃபரை அணைத்தே விடலாம். டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பிறகும் உம்மென்ற சத்தம் கேட்டால், ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டு எங்காவது லைன் வயரில் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

கரகரப்புக்கு வேறு காரணமும் உண்டு. காசிமேடு, ராயபுரம் மாதிரி கடலோரத்தில் போன் வயர் வந்து சேரும், சுவரில் இருக்கும் ரோசெட் பெட்டியைத் திறந்தால் ஸ்க்ரூவெல்லாம் உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கும். வயர் நுனியைப் புதிதாகச் சீவி இறுக்குங்கள், பாதிச் சத்தம் அங்கேயே போய்விடும். ஃபைபர் கனெக்‌ஷன் என்றால் ஃபைபர் மோடம் பெட்டியின் போன் சாக்கெட்டிலும் இதே இணைப்புதான்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், டயோடு மின்னலுக்கு நிற்காது.