பயாஸில் வழியில்லாத பழைய மதர்போர்டில் வேகம் கூட்ட
பென்டியம் இ2160 சிப்பின் 1.8 கிகாஹெர்ட்ஸ் என்பது 200 மெகாஹெர்ட்ஸ் பஸ் (சிப்பை மற்ற பாகங்களோடு இணைக்கும் தடம்) வேகத்தின் 9 மடங்கு. அந்த 9-ஐ உயர்த்த முடியாது. பஸ்ஸைத்தான் கூட்ட வேண்டும். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் அதற்கு இடமில்லையா? விண்டோஸில் பஸ் வேகத்தை மாற்றும் செட்எஃப்எஸ்பி (SetFSB) என்ற மென்பொருள் இருக்கிறது. போர்டில் வெள்ளிநிறக் கிரிஸ்டலுக்குப் பக்கத்தில் இருக்கும், பஸ் வேகத்தை உருவாக்கும் கிளாக் சிப்பின் எண்ணை டார்ச் அடித்துப் படித்து, மென்பொருளில் அதையே தேர்ந்தெடுங்கள். குத்துமதிப்பாக எதையாவது கொடுத்தால் கணினி அப்படியே நின்றுவிடும்.

இரண்டு மூன்று மெகாஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். 233-ஐத் தொட்டால் 2.1 கிகாஹெர்ட்ஸ், வோல்டேஜ் கூட்ட முடியாத போர்டில் அதுவே நல்ல லாபம். ரேமும் கூடவே வேகமெடுக்கும், பல சமயம் முதலில் திணறுவதும் அதுதான். அதனால் போர்டு ரேமை 667 வேகத்தில்தான் ஓட்டுகிறது என்றால், 667 ரேமுக்குப் பதில் 800 வேக ரேம் போடுவது நல்லது. தொங்கிவிட்டால் பதற வேண்டாம். அணைத்துப் போட்டால் பழைய வேகம் வந்துவிடும். சேமிக்காத கோப்பு எதையும் திறந்து வைத்துக்கொண்டு மட்டும் இதைச் செய்யாதீர்கள்.