எரிபொருள் கலம்: மோட்டார் சுழலவில்லையா? முதலில் சவ்வைப் பாருங்கள்

நீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது, அதே ஹைட்ரஜனிலிருந்து மின்சாரத்தைத் திரும்பப் பெறுவது, இரண்டையும் ஒரே சின்னக் கலத்தில் செய்து பார்க்கலாம். இதற்கு மீள்வகை எரிபொருள் கலம் என்று பெயர். சோதனைப் பெட்டியாகவே விற்கிறார்கள். வாங்கிய பலர், கலத்தின் மின்சாரத்தில் சுழலவேண்டிய சின்ன மோட்டார் அசையவில்லை என்றதும் கலம் பழுது என்று முடிவுகட்டி மூடி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பழுதெல்லாம் இருக்காது. உள்ளே இருக்கும் சவ்வு காய்ந்திருக்கும், அவ்வளவுதான். இந்தப் பதிவில் அதிக இடம் அதற்கே.

தேவையானவை

கலமும் டியூப்களும் வாயுத் தொட்டிகளும் பெட்டியிலேயே வரும். தனியாக ஒரு மல்டிமீட்டர், ஊசி இல்லாத சிரிஞ்ச், 10 ஓம், 4.7 ஓம், 1 ஓம் மின்தடைகள் வேண்டும். 1 ஓம் மட்டும் அரை வாட் தாங்குவதாக இருக்கட்டும்.

மின்சாரம் கொடுக்கப் பெட்டியோடு வரும் பேட்டரி உறையைவிட, வோல்ட்டேஜையும் கரன்டையும் கட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளைதான் என் தேர்வு. கரன்ட் எவ்வளவு என்று தெரிந்தால் எவ்வளவு வாயு வரவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அறை வெப்பநிலையில் 1 ஆம்பியருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 7.6 மில்லிலிட்டர் ஹைட்ரஜன். கலத்தில் குறித்திருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்டாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் சமரசமே கூடாது. காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். குடிநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் கால்சியம், இரும்பு போன்றவை இருக்கும். அவை சவ்வுக்குள் புகுந்து, புரோட்டான்கள் கடக்கவேண்டிய இடங்களைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கழுவினாலும் எளிதில் போகாது. பள்ளிப் பாடத்தில் நீரைப் பிரிக்க உப்புப் போட்ட ஞாபகம் சிலருக்கு வரலாம். இங்கே உப்புப் போட்டால் குளோரைடு வினையூக்கியையே கெடுத்துவிடும்.

படி 1: சவ்வை நனைத்தல்

கலத்தின் நடுவே இருப்பது மெல்லிய பாலிமர் சவ்வு. அதன் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்ஸிஜன். மின்சாரம் எடுக்கும்போது ஹைட்ரஜனிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியே சுற்றிப் போகும், புரோட்டான்கள் சவ்வின் வழியே போகும். சவ்வில் இருக்கும் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டுதான் புரோட்டான்கள் நகர முடியும். ஈரம் இல்லையென்றால் வழியே இல்லை.

ஆக்ஸிஜன் பக்க டியூபைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சால் மெதுவாக நீரை ஏற்றுங்கள். மறுமுனையில் நீர் வழியும்வரை ஏற்றவேண்டும். அப்புறம் கலத்தை விரலால் தட்டுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெளியேறும். குமிழி நின்றதும் இரு முனைகளையும் அடைத்து, கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த கலம் என்றால் ஓர் இரவு விடுவது நல்லது.

நனைந்ததா என்று எப்படித் தெரியும்? பவர் சப்ளையில் 1.8 வோல்ட் வைத்துக் கரன்டைப் பாருங்கள். பிளஸ் முனை ஆக்ஸிஜன் பக்கம், மைனஸ் ஹைட்ரஜன் பக்கம். மாற்றிக் கொடுத்தால் கலம் கெட்டுவிடும், ஏனென்றால் இரு பக்க வினையூக்கிகளும் ஒன்றல்ல. காய்ந்த சவ்வில் கரன்ட் சில மில்லி ஆம்பியரிலேயே நிற்கும். ஈரம் ஊற ஊற அந்த எண் மெல்ல ஏறும். ஏறி ஓரிடத்தில் நிலைத்தால் சவ்வு தயார்.

எரிபொருள் கலத்தில் ஓடும் கார்களிலும் இதே பாடுதான். 2014-இல் வந்த டொயோட்டா மிராய், வெளியிலிருந்து ஈரப்பதம் ஏற்றும் கருவியே இல்லாமல், கலத்தில் உருவாகும் நீரையே சவ்வை ஈரமாக வைக்கப் பயன்படுத்தியது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது.

படி 2: வாயு சேகரிப்பு

தொட்டிகளில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, 0.5 ஆம்பியர் கொடுங்கள். 20 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் சேரச் சுமார் 5 நிமிடம் ஆகும். ஆக்ஸிஜன் அதில் பாதி. ஆக்ஸிஜன் சற்றுக் குறைந்தால் பரவாயில்லை, கொஞ்சம் நீரில் கரைந்திருக்கும். ஹைட்ரஜன் குறைந்தால் டியூப் இணைப்பில் கசிவு.

முதலில் சேரும் வாயுவில் டியூபிலிருந்த காற்றும் கலந்திருக்கும். அதை வெளியேற்றிவிட்டு மறுபடி சேகரியுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது.

படி 3: சுமை கொடுத்து அளத்தல்

பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு வோல்ட்டேஜ் பாருங்கள். கோட்பாட்டின்படி 1.23 வோல்ட், நடைமுறையில் 0.9-ஐ ஒட்டி நிற்கும். இதை மட்டும் பார்த்துவிட்டுக் கலம் நன்றாக இருக்கிறது என்று நம்பவேண்டாம். காய்ந்த கலமும் இதே எண்ணைக் காட்டும். 10 ஓம் மின்தடையைச் சுமையாக இணையுங்கள். 0.8 வோல்ட் அளவில் நின்றால் நல்லது. அடுத்து 4.7 ஓம், கடைசியாக 1 ஓம். அப்போதும் 0.6-க்குப் பக்கத்தில் இருந்தால் அருமையான கலம். 10 ஓமிலேயே 0.2-க்குச் சரிந்தால் படி 1-க்குத் திரும்புங்கள்.

சரி, இப்போது மோட்டாரை இணைக்கலாம். 0.1 ஆம்பியர் எடுக்கும் சின்ன மோட்டாருக்கு 20 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் அதிகபட்சம் 26 நிமிடம் வரும். கசிவால் நடைமுறையில் இதைவிடக் குறையும். எல்ஈடி மட்டும் எரியாது. சிவப்பு எல்ஈடிக்கே 1.8 வோல்ட் அளவு தேவை, ஒற்றைக் கலத்தால் அது முடியாது. மூன்று கலங்களைத் தொடராக இணைக்கவேண்டும்.

1.7 வோல்ட்டில் பிரித்து 0.7 வோல்ட்டில் திரும்பப் பெற்றால், போட்டதில் சுமார் 41 சதவீதம்தான் கைக்கு வருகிறது. லித்தியம் பேட்டரி இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் தொட்டியை மட்டும் பெரிதாக்கிச் சேமிப்பைக் கூட்டமுடியும், கலத்தைத் தொடவேண்டியதில்லை. நீண்ட நாள் சேமிப்புக்கு ஹைட்ரஜன் வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

பின்சேர்க்கை: தொட்டியில் ஹைட்ரஜன் இருந்தும் வோல்ட்டேஜ் இறங்குகிறது என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். காற்றிலிருந்தே ஆக்ஸிஜன் எடுக்கும் கலங்களில் நைட்ரஜன் சவ்வைக் கடந்து ஹைட்ரஜன் பக்கம் தேங்கும், நீர்த்துளிகளும் சேரும். ஹைட்ரஜன் பக்க வெளிவாய் டியூபின் கிளிப்பை ஒரு நொடி திறந்து மூடுங்கள், வோல்ட்டேஜ் மீளும். துளி அடைத்திருந்தால் காலி சிரிஞ்சால் காற்றை மெல்லத் தள்ளினால் போதும்.

இன்னொன்று: எடுத்து வைக்கும் முன் ஆக்ஸிஜன் பக்கத்தில் சில துளி காய்ச்சி வடித்த நீர் விட்டு, எல்லா முனைகளையும் அடைத்து, காற்றுப் புகாத பையில் போடுங்கள். அடுத்த முறை ஓர் இரவு காத்திருக்க வேண்டியிருக்காது.