திறக்காத படத்தை ஜேபிஜி ஆக்குவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

திருவல்லிக்கேணியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். சுற்றிலும் மேன்ஷன்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்தான் கடைக்கு அதிகம் வருவார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டால் காதில் விழுவதெல்லாம் ஒன்றுதான்: "அண்ணா, போட்டோ ஏற மாட்டேங்குது."

போன வாரம் வந்த தம்பிக்கும் அதே பிரச்சினை. நண்பனின் ஐபோனில் எடுத்த படம். தரம் குறையக் கூடாதென்று வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக வாங்கியிருக்கிறார். போட்டோவாக அனுப்பியிருந்தால் வாட்ஸ்அப்பே சுருக்கி ஜேபிஜியாக மாற்றியிருக்கும். டாக்குமெண்ட்டாக வந்ததால் ஐபோன் எடுத்தபடியே, எச்இஐசி என்ற ஐபோன் பட வடிவத்திலேயே வந்து சேர்ந்தது. தளம் ஜேபிஜி கேட்டதும், ஃபைல் பெயரின் கடைசியில் இருந்ததை அழித்து ஜேபிஜி என்று அடித்துவிட்டார். அப்போதும் ஏறவில்லை.

பெயரை மாற்றினால் படம் மாறாது. மஞ்சள்தூள் டப்பாவில் மிளகாய்த்தூள் என்று சீட்டு ஒட்டினால் குழம்பு காரமாகுமா?

ஃபைலுக்குள் என்ன இருக்கிறதென்று நீங்களே பார்க்கலாம். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் வித்' போய், நோட்பேடில் திறங்கள். திரை முழுக்கப் புரியாத குறிகளாக வரும், பயப்பட வேண்டாம். முதல் வரியை மட்டும் பாருங்கள். பிஎன்ஜி, வெப்பி என்பவையும் ஜேபிஜி மாதிரி பட வடிவங்கள்தான். பிஎன்ஜி படமென்றால் 'பிஎன்ஜி' என்ற மூன்று ஆங்கில எழுத்து ஆரம்பத்திலேயே தெரியும். வெப்பி என்றால் 'ரிஃப்' என்று தொடங்கி, சற்றுத் தள்ளி 'வெப்பி' என்றிருக்கும். ஜேபிஜியில் பெரும்பாலும் 'ஜேஎஃப்ஐஎஃப்' அல்லது 'எக்ஸிஃப்' இருக்கும். அந்தத் தம்பியின் 'ஜேபிஜி'யைத் திறந்தபோது முதல் வரியில் 'எச்இஐசி' என்று பளிச்சென்று தெரிந்தது. பார்த்து முடித்ததும் சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள், நோட்பேடில் சேவ் செய்தால் படம் கெட்டுவிடும்.

எதற்கு எந்த வடிவம்?

ஜேபிஜி 1992-இல் வந்தது. இத்தனை வருடமானதால் அதைத் திறக்காத கருவியே இல்லை எனலாம். ஆள், காட்சி போன்ற புகைப்படங்களுக்கு அதுவே போதும். எழுத்து அதிகமுள்ள ஸ்கிரீன்ஷாட், லோகோ, அழைப்பிதழ் என்றால் பிஎன்ஜியில் வையுங்கள். ஜேபிஜி படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாத விவரங்களைக் கழித்துவிடும். முகத்தில் அது தெரியாது. ஆனால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து இருந்தால், எழுத்தைச் சுற்றி அழுக்கு அப்பியதுபோலத் தெரியும். ஃப்ளெக்ஸ் பேனரில் அது பெரிதாகி இன்னும் அசிங்கமாகும். பின்னணி இல்லாத லோகோவை ஜேபிஜி ஆக்கினால் பின்னால் வெள்ளையோ கறுப்போ வந்து உட்கார்ந்துவிடும், அதையும் கவனியுங்கள்.

எச்இஐசி, 2017-இல் ஐஓஎஸ் 11-உடன் ஐபோனுக்கு வந்தது. இடம் குறைவாகப் பிடிக்கும், நல்ல வடிவம்தான். வெப்பி, கூகுள் 2010-இல் கொண்டுவந்தது. வலைத்தளங்களிலிருந்து இறக்கும் படங்கள் பல இப்போது அதில்தான் வருகின்றன.

ஐபோனிலேயே மாற்ற

ஐஓஎஸ் 16 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் வேறு ஆப் எதுவும் வேண்டாம்.

1. போட்டோஸில் படத்தைத் திறந்து, ஷேர் பொத்தானைத் தொட்டு, 'சேவ் டு ஃபைல்ஸ்' கொடுங்கள்.
2. ஃபைல்ஸ் ஆப்பில் அந்தப் படத்தை அழுத்திப் பிடியுங்கள்.
3. 'குயிக் ஆக்ஷன்ஸ்', பிறகு 'கன்வர்ட் இமேஜ்'.
4. ஜேபெக் என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஜேபிஜிக்கு இன்னொரு பெயர்தான் அது. பக்கத்திலேயே புதிய பிரதி ஒன்று வரும், பழையது அப்படியே இருக்கும்.

இனி எடுக்கும் படங்கள் ஜேபிஜியாகவே வர வேண்டுமென்றால் செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அங்கே 'மோஸ்ட் கம்பேட்டிபிள்'. ஏற்கெனவே எடுத்த படங்களை இது தொடாது.

விண்டோஸ் கம்ப்யூட்டரில்

படத்தை பெயிண்டில் திறந்து, ஃபைல் மெனுவில் 'சேவ் ஆஸ்' போய், 'ஜேபெக் பிக்சர்' கொடுத்தால் வேலை முடிந்தது. விண்டோஸ் 11-இல் வெப்பியும் பெயிண்டில் திறக்கும். எச்இஐசி திறக்கவில்லையென்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து 'ஹீஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' போட வேண்டும். எச்இஐசிக்குள் இருக்கும் 'எச்இவிசி' என்ற சுருக்கும் முறைக்குக் காப்புரிமை உண்டு. அதனால் சில கம்ப்யூட்டர்களில் அதற்கான எக்ஸ்டென்ஷனைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும். அந்தச் சிக்கலே வேண்டாமென்றால் போனிலேயே மாற்றிவிட்டு அனுப்புங்கள். நான் எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

50 கேபிக்குள் கொண்டுவர

இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஜேபிஜி ஆகிவிட்டது, தளம் 50 கேபிக்குள் கேட்கிறது, ஆனால் படம் 3 எம்பி இருக்கிறது. உடனே தரத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள், முகம் கட்டம் கட்டமாகிவிடும். முதலில் குறைக்க வேண்டியது படத்தின் நீள அகலத்தை. 12 மெகாபிக்சல் படம் 4032-க்கு 3024 புள்ளிகள், அதாவது 1 கோடியே 21 லட்சத்துக்கும் மேல். 35-க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் அளவை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 413-க்கு 531 போதும், சுமார் 2 லட்சத்து 19 ஆயிரம் புள்ளிகள். புள்ளி குறைந்தாலே ஃபைல் பாதாளத்துக்கு இறங்கிவிடும்.

இதற்கு நான் பயன்படுத்துவது கூகுளின் ஸ்குவூஷ் என்ற வலைத்தளம். பிரவுசரில் திறந்து, முகத்தை மட்டும் வெட்டி எடுத்த படத்தை இழுத்துப் போடுங்கள். 'ரீசைஸ்' டிக் செய்து அகலம் 413 கொடுங்கள். கீழே 'மோஸ்ஜேபெக்' தேர்ந்தெடுத்து, குவாலிட்டியை 75-இல் தொடங்கி, ஓரத்தில் காட்டும் கேபி 50-க்குக் கீழ் வரும்வரை மெதுவாக இறக்குங்கள். தளம் குறைந்தபட்ச அளவும் கேட்டிருந்தால் அதற்குக் கீழே போய்விடாதீர்கள்.

ஸ்குவூஷை நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது படத்தை உங்கள் கம்ப்யூட்டரிலேயே மாற்றுகிறது, எங்கும் அனுப்புவதில்லை. தேடினால் கிடைக்கும் 'இலவச கன்வர்ட்டர்' தளங்கள் பலவும் படத்தை வாங்கித் தங்கள் சர்வரில் வைத்துத்தான் மாற்றும். ஆதாரையும் கையெழுத்தையும் அங்கே போடாதீர்கள், தயவுசெய்து.

மூலப் படத்தை அழிக்காதீர்கள். ஜேபிஜியைத் திருத்தித் திருத்தி சேவ் செய்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும், அதனால் அளவு மாற வேண்டுமென்றால் மறுபடி மூலத்திலிருந்தே தொடங்குங்கள்.

என் கடை மாதிரி பொதுக் கம்ப்யூட்டரில் செய்தீர்களென்றால், கிளம்பும் முன் டவுன்லோட்ஸைத் திறந்து உங்கள் படங்களைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்துங்கள், ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமலே அழியும். வாட்ஸ்அப் வெப்பிலிருந்து லாக் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.