பழைய லேப்டாப்: செலவு செய்யலாமா, மாற்றிவிடலாமா?

2016-ல் வாங்கிய லேப்டாப். இன்டெல் ஐ5 ஆறாம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பவர் பட்டனை அமுக்கிவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்து வந்தாலும் திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். புதுசு வாங்கிவிடு என்றார்கள் வீட்டில்.

அதற்கு முன், எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். சிபியு, அதாவது பிராசஸர், 15 சதவீதம்தான், டிஸ்க் மட்டும் 100-லேயே நின்றது. அப்போ கோளாறு பிராசஸரில் இல்லை, டிஸ்க் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது. கீல், திரை, கீபோர்டு எல்லாம் நன்றாகவே இருந்தன. இதில் ஒன்று போயிருந்தாலும் நான் செலவு செய்திருக்க மாட்டேன்.

2024-ல் சென்னையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் வாங்கினேன். இரண்டும் ஐந்தாயிரத்துக்குள் முடிந்தது. ரேம் வாங்கும்போது உங்கள் லேப்டாப்புக்கான வகை டிடிஆர்3-ஆ 4-ஆ என்று கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள், மாற்றிப் போட்டால் ஸ்லாட்டில் உட்காராது. அடிமூடியைக் கழற்றினால், ஃபேன் பக்கம் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்தேன். இப்போது இருபது வினாடியில் திறக்கிறது!

விண்டோஸ் 11-க்கு இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததும், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். பிரவுசர், டைப்பிங், மகளின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் தடையில்லாமல் ஓடுகிறது. மதர்போர்டு போகும் வரை இதையேதான் வைத்திருக்கப் போகிறேன்.