வங்கிக் கணக்கை 'வாடகைக்கு'க் கேட்டால் கல்லூரி மாணவர்கள் செய்ய வேண்டியவை

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்காகத் தொடங்கிய கணக்குதான் தருமபுரிப் பக்கத்து மாணவர் பலருக்கு முதல் வங்கிக் கணக்கு. அதில் பெரிதாகப் பணம் இருக்காது என்பதால் யாரும் ஏமாற்ற மாட்டார்கள் என்று நினைக்கிறோம். மோசடிக்காரருக்குத் தேவை நம் பணமன்று, நம் பெயரிலுள்ள கணக்கு.

"உன் அக்கவுண்ட்ல பணம் வரும்டா, எடுத்துக் குடுத்தா போதும், லட்சத்துக்கு ரெண்டாயிரம் உனக்கு" என்று கேட்பவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவராக இருப்பதில்லை. விடுதியில் உடன் தங்கிய சீனியராகவே இருக்கக்கூடும். வேறு மாநிலத்தில் யாரோ ஒருவரிடம் பறித்த பணம் அந்தக் கணக்கில் விழுகிறது. பறிகொடுத்தவர் புகார் செய்ததும், பணம் போன வழியைக் கணக்கு கணக்காகத் தொடரும் போலீசார் முதலில் சென்றடைவது மாணவரின் பெயரைத்தான். கணக்கு முடக்கப்படும்போது உதவித்தொகையும் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே, ஏடிஎம் கார்டு, பின் எண், வங்கியோடு இணைந்த சிம் ஆகியவற்றில் எதையும், நண்பரே கேட்டாலும், கொடுக்கக் கூடாது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், அன்றைக்கே கிளைக்குச் சென்று கணக்கையும் கார்டையும் நிறுத்தும்படி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அடுத்து சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நீங்களாகவே புகார் அளியுங்கள். பயத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். உங்களைக் கேட்டது யார் என்று காட்ட அதுவே சாட்சி.

"தவறுதலாகப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று யாராவது அழைத்தால், குறுஞ்செய்தியை நம்பாமல் இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே பணம் வந்திருந்தாலும், அவர் சொல்லும் எண்ணுக்கு அனுப்பாமல் வங்கியிடம் தெரிவியுங்கள். பின் எண்ணைப் போடச் சொன்னால் போடாதீர்கள்; பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை.

உங்கள் பணமே போயிருந்தால், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தயங்கி நேரத்தைக் கடத்தாமல், உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள்; பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தடுக்க முடிந்தால்தான் மீட்க வழியுண்டு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்திருங்கள். வங்கிக்கும் தனியாகத் தெரிவியுங்கள்: பின் எண்ணை நாமே சொல்லியிருந்தாலும், வங்கியிடம் புகார் கொடுத்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது என்று ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொன்னது.

காவல்துறை கேட்டு முடக்கிய கணக்கைக் கிளை மேலாளர் தாமாகத் திறந்துவிட முடியாது. எந்த ஊர்க் காவல் நிலையம் கேட்டது, புகார் எண் என்ன என்பதை அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்த நிலையத்துக்கு விளக்கம் அனுப்புங்கள்.